விளம்பரத் துறையின் 'படைப்பாளிகள்' தொழிலாளர்களே

"படைப்பாற்றல் ஒன்றே போதும், அதுவே உங்கள் மூலதனம்." விளம்பரத் துறைக்கு ஆள் சேர்ப்போர் பெங்களூருவின் கல்லூரி இளைஞர்களிடம் சொல்லிவரும் வாசகம் இது. இதுவும் ஒரு விளம்பரமே. உண்மையான மூலதனம் யார் கையில் இருக்கிறது என்பதை அது மறைக்கிறது.

லிண்டாஸ் என்னும் பெயர், லீவர் கம்பெனியின் சொந்த விளம்பரப் பிரிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். முத்ரா, ரிலையன்ஸின் துணிகளை விற்பதற்காக 1980இல் அகமதாபாத்தில் பிறந்தது. முன்னது பின்னாளில் இன்டர்பப்ளிக்கின் கைக்கும், பின்னது ஆம்னிகாமின் கைக்கும் சென்றன. 2025 நவம்பரில் ஆம்னிகாம் இன்டர்பப்ளிக்கையே விழுங்கியது. அடுத்த மாதமே, உலகெங்கும் சுமார் 4,000 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. படைப்பாற்றல் மூலதனமாக இருந்திருந்தால் அதை வைத்திருந்தவர்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள்?

இத்துறையின் வருமானம் வாசகத்தின் அழகிலிருந்து பிறப்பதன்று. விளம்பரக் கட்டணத்தில் 15 விழுக்காட்டைத் தரகாகப் பெறுவதே நெடுங்கால வழக்கம். விளம்பரதாரர் அதிகம் செலவிட்டால் தரகும் உயரும். இன்று பத்திரிகைப் பக்கத்தையும் தொலைக்காட்சி நேரத்தையும் மொத்தமாக வாங்கும் தனி நிறுவனங்களே துறையை ஆள்கின்றன. கட்டணங்களையும் தள்ளுபடிகளையும் கூடிப்பேசி நிர்ணயித்தனர் என்ற புகாரின்பேரில், 2025 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் குரூப்எம், டென்ட்சு உள்ளிட்ட பெருநிறுவனங்களின் அலுவலகங்களில் சோதனை நடத்தியது.

இந்த அமைப்பின் அடித்தட்டில்தான் புதிதாக வரும் இளைஞர் நிற்கிறார். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க நான்கைந்து நிறுவனங்கள் போட்டியிடும். 'பிட்ச்' எனப்படும் அந்தப் போட்டிக்கு உருவாக்கும் வேலைக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அந்த இழப்பை நிறுவனம் தாங்குவதில்லை. இளைஞரின் இரவுகள் தாங்குகின்றன. 'இன்டர்ன்' என்ற பெயரில் சொற்பத் தொகைக்கோ, அதுவும் இன்றியோ மாதங்கள் கழியும். தமிழில் நாம் படிக்கும் விளம்பர வாசகங்களில் பல, ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்டு, சொல்லுக்கு இத்தனை காசு என்று கூலி பேசி மொழிபெயர்க்கப்படுபவை. அம்மொழிபெயர்ப்பாளருக்குப் பணிநியமனமும் இல்லை, வைப்புநிதியும் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை. அதற்கு மேற்பட்டால் இரட்டைக் கூலி. 30 நாள்களுக்குள் நியமன ஆணை தரவேண்டும். நிர்வாகப் பொறுப்பில் உள்ளோருக்கு இப்பாதுகாப்பு இல்லை. இருபத்தைந்து வயதுக்காரருக்கும் 'மேலாளர்' பட்டம் தாராளமாக வழங்கப்படுவதன் பொருள் இங்கே விளங்கும்.

சாராயக் கம்பெனியில் பெட்டி தூக்குபவரைத் தொழிலாளி என ஏற்கும் தோழர்கள் சிலர், அதே கம்பெனியின் 'சோடா'வுக்கு வாசகம் எழுதுபவரை முதலாளித்துவத்தின் ஊதுகுழல் என்று ஒதுக்குகின்றனர். இது வர்க்கப் பார்வையன்று. அந்த வாசகத்தின் பொய்யை நாம் அம்பலப்படுத்த வேண்டும். அதை எழுதியவரின் கூலிக்காகப் போராடவும் வேண்டும். உழைப்பை விற்று வாழ்பவர் எதைச் செய்கிறார் என்பது அவரது வர்க்கத்தை மாற்றிவிடுவதில்லை. மேலும், பொய் எழுத மறுக்கும் துணிவு, வேலை பறிபோகாது என்ற உறுதி உள்ளவருக்கே எளிதில் வரும். அந்த உறுதியைச் சங்கமே தரும்.

தகவல் தொழில்நுட்ப ஊழியரைத் திரட்டவே முடியாது என்றார்கள். 2017இல் பெங்களூருவில் அவர்களுக்கென்று சங்கம் உருவானது. 2024இல் 14 மணி நேர வேலைநாளுக்கு வழிவகுக்கும் முன்மொழிவு வந்தபோது அச்சங்கம் எதிர்த்து நின்றது, முன்மொழிவு சட்டமாகவில்லை. விளம்பர ஊழியருக்கும் அதே வழிதான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இத்துறைக்குச் செல்வதைத் தடுக்க வேண்டியதில்லை. தொழிலை நன்கு கற்கட்டும். நியமன ஆணையைக் கேட்டு வாங்கட்டும். வேலை நேரத்தை நாள்தோறும் குறித்து வைக்கட்டும். பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தைக் கேட்டறியட்டும். அங்கிருந்து சங்கம் வரை அவர்களை அழைத்துச் செல்வது நம் கிளைகளின் கடமை.