இரண்டையும் எழுத இடம் கொடுங்கள்

2024 ஆகஸ்ட் 31 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்ட வழிகாட்டுதலைச் செப்டம்பர் 5 அன்று ஆணையமே திரும்பப் பெற்றுவிட்டது. தடயவியல் மருத்துவப் பகுதியில் ஒருபால் உறவுகள் ‘இயற்கைக்கு மாறான குற்றங்கள்’ பட்டியலில் மீண்டும் ஏறியிருந்ததுதான் எதிர்ப்புக்கு முதற்காரணம். திருத்திய வடிவம் அதே செப்டம்பரில் வெளிவந்தது. ஆனாலும் மனநலத் துறையினர் தம் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குற்றப் பட்டியலை நீக்குவது மட்டும் போதாது என்பது இவ்விதழின் நிலை. அதே பகுதியில், ‘பாலியல் வக்கிரங்கள்’ என்ற வரிசையில், பிணப்புணர்ச்சிக்கும் சேடிசத்துக்கும் பக்கத்தில் டிரான்ஸ்வெஸ்டிசமும் (மற்றப் பாலினத்தவரின் உடை அணிதல்) இருந்தது. நம் கண்ணில் பட்ட கண்டன அறிக்கைகளில் இது பெரிதாகப் பேசப்படவில்லை. நாம் பேசாவிட்டால் இனி வரும் வடிவங்களிலும் அது ஓசையின்றி உட்கார்ந்துகொள்ளும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பழைய நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-10 கூட இவ்வளவு மொத்தமாக எழுதவில்லை. பாலுணர்வுக் கிளர்ச்சிக்காக உடை மாற்றுவதை எஃப்65.1 என்றும், கிளர்ச்சி எதுவுமின்றி வாழ்வின் ஒரு பகுதியை மற்றப் பாலினத்தவராகக் கழிப்பதை எஃப்64.1, அதாவது டூயல்-ரோல் டிரான்ஸ்வெஸ்டிசம் என்றும் பிரித்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஐ.சி.டி.-11 இரண்டையுமே கைவிட்டது. பாலின முரண்நிலையை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்து, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் எச்.ஏ.60 என்று வைத்தது. நம் பாடத்திட்டமோ ஐ.சி.டி.-10க்கும் பின்னால் போய் நின்றது.

எஃப்64.1 பலரைப் பைஜெண்டர் என்று அறிய விடாமல் மறைத்து வைத்திருந்தது. ஆணாகவும் பெண்ணாகவும், அல்லது வேறு இரு பாலினங்களாகவும், ஒருசேரவோ மாறி மாறியோ தம்மை உணர்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு நம் ஓ.பி.யில் நேர்வதைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறோம். இம்முறை இன்னும் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதல் அமர்விலேயே, ‘உண்மையில் நீங்கள் யார்? முடிவு செய்துவிட்டு வாருங்கள்’ என்கிறோம். வந்தவர் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். இரண்டும் என்பதே அவர் முடிவு. அந்தப் பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதக் கட்டமில்லை. எனவே அது நோய்க்குறியாக மாறுகிறது. பார்டர்லைன் என்று ஒருவர் எழுதுகிறார், ஏனெனில் ‘அடையாளக் குழப்பம்’ அங்கே ஓர் அளவுகோல். டிஸோசியேட்டிவ் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் மனநிலை ஏற்ற இறக்கம் என்று கருதி லித்தியம் தொடங்குகிறார்.

வேறுபடுத்திப் பார்ப்பது இவ்வளவு கடினமா? பாலின உணர்வு மாறும்போது நினைவு அறுபடுகிறதா என்று கேளுங்கள். அறுபடவில்லையென்றால் டி.ஐ.டி.யை (டிஸோசியேட்டிவ் அடையாளக் கோளாறு) எழுத ஆதாரம் இல்லை. பிடித்தவர்கள், கொள்கைகள், எதிர்காலத் திட்டம் எல்லாம் இரு நிலைகளிலும் ஒன்றாகவே இருக்கின்றனவா? கைவிடப்படும் அச்சமும் வெறுமையுணர்வும் இல்லாதபோது பாலினம் ஒன்றை மட்டும் வைத்துப் பார்டர்லைன் என்று எழுத முடியாது. மனநிலை ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிய, தூக்கமும் வேகமும் பாலின மாற்றத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று சில வாரம் குறித்துவரச் சொல்லுங்கள். இவை எல்லாம் முதுநிலை முதலாண்டு மாணவர் கேட்கக்கூடிய கேள்விகள். கேட்காமல் விடுகிறோம் என்பதுதான் வேதனை.

சென்னையில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 2012இல் லாரா கேஸுடன் எழுதிய கட்டுரையை இங்கே சிலர் எடுத்துக்காட்டுவார்கள். மாறிவரும் பைஜெண்டர் அனுபவமுள்ள 32 பேர் அளித்த பதில்களில், 23 பேருக்கு வாரம் ஒருமுறையாவது பாலின உணர்வு மாறியிருந்தது. தன்விருப்பமின்றி நிகழும் இந்த மாற்றத்தை மதித்துக் கேட்டது அந்த ஆய்வின் சிறப்பு. ஆனால் கட்டுரை அதைப் புதிய நரம்பு-மனநல ‘சிண்ட்ரோம்’ என்றது. பைபோலாருடன் தொடர்பு இருக்கலாம் என்று ஊகித்தது. அவர்கள் முன்வைத்தது கருதுகோள். அந்தக் கருதுகோளைக் கொண்டு யாருக்கும் மருந்துச்சீட்டு எழுதக் கூடாது.

சிகிச்சையிலும் இதே பிடிவாதம் தொடர்கிறது. உடல் டிஸ்ஃபோரியா சிலருக்கு ஒரு நிலையில் மட்டுமே எழும். குறைந்த அளவு ஹார்மோனோ முகமுடி நீக்கமோ போதும் என்பார்கள். திருநர் நலத்துக்கான உலக வல்லுநர் சங்கமான டபிள்யூபாத்தின் தரநிலைகளின் எட்டாம் பதிப்பு இருமை கடந்தவர்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு முழுவதும் போய்ச் சேர வேண்டியதில்லை என்கிறது. நம் ரெஃபரல் கடிதங்களோ இன்னும் ‘ஆணிலிருந்து பெண்’ அல்லது ‘பெண்ணிலிருந்து ஆண்’ என்றே தொடங்குகின்றன. சட்டமும் உதவவில்லை. 2019இல் இயற்றப்பட்ட திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் வரையறையில் அப்போது ஜெண்டர்குவியர் இடம்பெற்றது. ஆனால் அறுவைக்குப் பின் திருத்திய சான்றிதழ் தரும் 7ஆம் பிரிவில் ஆண் அல்லது பெண் மட்டுமே.

ஒருபால் இணையர் பாதுகாப்புக் கோரிய சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பிப்பதற்கு முன், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள உளவியலாளர் ஒருவரின் முன் அமர்ந்தார். அந்த வழக்கின் விளைவாகத்தான் பாடநூல்களில் இழிவான குறிப்புகள் வேண்டாம் என்று 2021 அக்டோபரில் ஆணையம் அறிவுறுத்தியது. 2022இல் பாலினத்தையோ பாலீர்ப்பையோ மாற்ற முயலும் ‘கன்வர்ஷன் தெரபி’யைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. அதே ஆணையம் இரண்டே ஆண்டில் இப்படி ஓர் ஆவணத்தை எப்படி வெளியிட்டது? யார் எழுதினார்கள், எந்த மனநல மருத்துவரிடம் காட்டினார்கள் என்பதை ஆணையம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் நீதிமன்றமோ தெருப் போராட்டமோ திருத்தினால்தான் திருந்துவோம் என்றால், நிபுணர் குழுக்கள் எதற்கு?

வெளிநோயாளர் படிவத்தில் பாலினத்துக்கு எழுதும் இடம் கேட்டு நாம் அனுப்பிய மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. பதில் வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். கட்டத்தில் டிக் செய்வதோடு விடாமல், வந்தவர் தம்மைப் பற்றிச் சொன்னதை அவர் சொற்களிலேயே ஹிஸ்டரியின் முதல் வரியாக எழுதுங்கள். இனி வரும் எந்த வழிகாட்டுதலிலும் டிரான்ஸ்வெஸ்டிசம் வக்கிரப் பட்டியலில் மீண்டும் வந்தால், உங்கள் பெயரும் பதிவு எண்ணும் இட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். ஒரு நகலை இதழுக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.