கல்யாணம் முடிந்த கையோடு ஒரு மாத்திரை

கொடுமுடி வட்டாரப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், புதுமணத் தம்பதிகளுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வணங்கி விடுக்கும் வேண்டுகோள்.

குழந்தை வரம் கேட்டு மகுடேசுவரர் கோயிலுக்கு எங்கிருந்தெல்லாமோ தம்பதிகள் வருகிறார்கள். அந்த வேண்டுதலோடு ஃபோலிக் அமில மாத்திரையையும் தொடங்கிவிடுங்கள்.

கருத்தரித்து 28 நாளுக்குள், மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர வேண்டிய நரம்புக்குழாய் மூடிவிட வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, பரிசோதித்து, எங்களிடம் பதிய வரும்போது பெரும்பாலும் அந்தக் கெடு தாண்டியிருக்கும். மூடாமல் போனால் முதுகில் கட்டியோடு, கால் அசைக்க முடியாமல் குழந்தை பிறக்கலாம். தலைப்பக்கம் மூடாமல், மண்டை ஓடு உருவாகாத குழந்தை பிழைப்பதேயில்லை. முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தபோது, மறுபடியும் அந்தக் குறை வருவது 100க்கு 72 பங்கு குறைந்ததை 1991இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்தச் சத்தின் கதையே நம் தாய்மார்களிடம்தான் தொடங்கியது. பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வந்த ரத்தசோகையை 1928 முதல் ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தவர். ஈஸ்ட் சாறு கொடுத்து அந்த ரத்தசோகையைக் குணமாக்கினார்; அந்தச் சாற்றில் இருந்தது இந்தச் சத்துதான்.

முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாவற்றிலும் இந்தச் சத்தின் இயற்கை வடிவமான ஃபோலேட் உண்டு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதில் பாதிவரை போய்விடலாம்; ரசமாக வையுங்கள். ஆனால் சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, மூன்றாம் மாதம் முடியும்வரை தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். கடையில் பெரும்பாலும் 5 மில்லிகிராம்தான் கிடைக்கும். அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். எங்களைக் கேட்காமல் வாங்காதீர்கள். முன்பு இப்படிக் குழந்தை பிறந்தவர்கள், வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக் கூடுதல் அளவு எடுக்க வேண்டியிருக்கும்.

நான்காம் மாதத்திலிருந்து தரும் இரும்புச் சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அதைக் கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் சாப்பிட வேண்டும். வயிறு பிரட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று அட்டை அட்டையாக அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அந்தப் பிரட்டலும் கறுப்பும் இரும்பால் வருவது; ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ள சின்ன மாத்திரை அப்படிச் செய்யாது.

மாமியார்மார்களே, "எம்மருமவளுக்கு என்ன கொறை, மாத்திரை எதுக்கு?" என்று கேட்காதீர்கள். குறை உள்ளவர்களுக்கு மட்டுமான மாத்திரையல்ல இது. கல்யாணத் தேதி குறித்ததும் உங்கள் ஊர்ச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து விளக்குகிறோம்.