தண்ணியில்லாக் காடு

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" அரசு அலுவலகங்களில் மேலதிகாரிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மிரட்டல் இது. வேலையை விட்டு எடுப்பேன் என்று யாரும் சொல்வதில்லை, அது அவ்வளவு எளிதல்ல. மாற்றினால் போதும். மகள் பத்தாம் வகுப்பு, மனைவிக்கோ கணவருக்கோ உள்ளூரில் வேலை, படுக்கையில் கிடக்கும் அப்பா என்று உத்தரவில் எழுதப்படாத காரணங்களே அந்த ஊழியரை விருப்ப ஓய்வுக் கடிதம் எழுத வைத்துவிடும். இந்த வழி நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. உலகின் பெரும் வல்லரசு தன் விஞ்ஞானிகள் மீதும் பொருளாதார ஆய்வாளர்கள் மீதும் இதையே இரண்டு முறை பிரயோகித்திருக்கிறது.

வாஷிங்டன், 2019 ஜூன் 13. அமெரிக்க வேளாண் துறையின் அன்றைய செயலர் சோனி பெர்டியூ ஊழியர் கூட்டத்தில் பேச வந்தார். பொருளாதார ஆய்வுப் பிரிவில் பணியாற்றுவோர் பலர் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். புள்ளிவிவரங்களோடு வாழ்க்கையைக் கழிக்கும் சாதுவான மனிதர்கள் அவர்கள். தெருவில் இறங்கிப் பழக்கமில்லாத அவர்களே அப்படி எழுந்து நிற்கும் அளவுக்கு அன்று அவர்களுடைய அலுவலகத்துக்கு வந்த செய்தி கடுமையானது. அந்தப் பிரிவும், பல்கலைக்கழகங்களுக்கு வேளாண் ஆராய்ச்சி நிதி வழங்கும் தேசிய உணவு, வேளாண் நிறுவனமும் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, நாட்டின் நடுவிலுள்ள கான்சாஸ் சிட்டிக்குப் போகின்றன. இரண்டிலும் சேர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பணியிடங்கள். வருகிறாயா இல்லையா என்று ஜூலை நடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். செப்டம்பர் 30-க்குள் அங்கே இருக்க வேண்டும்.

அந்த நாளில் புது அலுவலகத்துக்கு ஒரு கட்டடம்கூட முடிவாகவில்லை. கான்சாஸ் சிட்டி என்பது மிசௌரி, கான்சாஸ் என்ற இரு மாநிலங்களின் எல்லையில் பரந்து கிடக்கும் நகரம். போகவேண்டிய இடம் எந்த மாநிலத்தில் என்றே தெரியாமல் வீடு பார்ப்பது எப்படி, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? இரண்டு அலுவலகங்களிலும் அதற்கு முன்பே தொழிற்சங்கம் அமைக்க வாக்கெடுப்பு நடந்திருந்தது. ஒன்றில் ஆதரவு 138, எதிர்ப்பு 4. மற்றொன்றில் 137-க்கு 2. அந்த எண்களைப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு கலக்கம் இருந்தது என்பது புரியும்.

மாற்றலுக்கு அரசு சொன்ன காரணங்களை ஒதுக்கித் தள்ள முடியாது. வேளாண் துறை விவசாயிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாஷிங்டனில் வாடகை அதிகம், வாழ்க்கைச் செலவு அதிகம். 15 ஆண்டுகளில் சுமார் 30 கோடி டாலர் மிச்சமாகும் என்று துறை கணக்குக் காட்டியது. வேளாண் பொருளாதார வல்லுநர்களின் சங்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, மிச்சம் கிடையாது, கோடிக்கணக்கான டாலர் நஷ்டம்தான் என்றது. அனுபவசாலிகள் விலகுவதால் ஏற்படும் இழப்பைத் துறை சேர்க்கவே இல்லை என்பது அவர்கள் வாதம். 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பும் ஏறக்குறைய அதையே சொன்னது: ஊழியர் வெளியேற்றம் உள்ளிட்ட முக்கியச் செலவுகள் அந்தக் கணக்கில் விடுபட்டிருந்தன.

கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு ஊழியர்கள் போக மறுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் தென் கரோலினாவில் நடந்த ஆளும் கட்சி விருந்தில் வெள்ளை மாளிகையின் தற்காலிகத் தலைமை அதிகாரி மிக் முல்வேனி இதைப் பற்றிப் பேசினார். அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஆனால் ஊரை மாற்றினால் அவர்களாகவே போய்விடுகிறார்கள், நிர்வாகத்தைச் சுருக்க இது அருமையான வழி என்ற பொருளில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. விவசாயிக்கு அருகில் செல்லும் லட்சியமெல்லாம் அந்த மேடையில் காணாமல் போய்விட்டது.

யார் இந்தப் பொருளாதார ஆய்வாளர்கள்? 1961 முதல் இயங்கும் அவர்களுடைய பிரிவுதான் பண்ணை வருமானம் எவ்வளவு, உணவு விலை எங்கே போகிறது என்பதையெல்லாம் அளந்து சொல்வது. அமெரிக்காவில் எத்தனை வீடுகளில் அடுத்த வேளைச் சோற்றுக்கு நிச்சயமில்லை என்ற கணக்கையும் 2025 வரை அதுதான் எடுத்து வந்தது. பருத்தி, அரிசி, கோதுமை பற்றி அது வெளியிடும் மதிப்பீடுகளை உலகெங்கும் வணிகர்கள் படிக்கிறார்கள். பஞ்சு விலையைத் தினமும் கவனிக்கும் கோவை மில்காரருக்கும் இது அந்நியச் சங்கதி அல்ல. வரிச் சலுகை எந்த விவசாயிக்குப் போய்ச் சேர்கிறது, உணவு மானியத்தால் என்ன பலன் என்று ஆட்சியாளர்களுக்கு உவப்பில்லாத விடைகளையும் இந்தப் பிரிவு தந்திருக்கிறது. மாற்றலுக்கு அதுதான் மெய்யான காரணம் என்று ஊழியர்கள் பலர் நம்பினார்கள். துறை மறுத்தது.

ஒரு பயிரின் விலையை இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்து போனால், கோப்பு இருக்கும், கணினி இருக்கும். எந்த ஆண்டின் புள்ளிவிவரத்தை அப்படியே நம்பக் கூடாது, எந்த மாவட்டத்துக் கணக்கில் எப்போதும் சிக்கல் வரும், யாரைத் தொலைபேசியில் பிடித்தால் உண்மை தெரியும் என்பதெல்லாம் அவரோடு போய்விடும். மாற்றலுக்குப் பிறகு ஆய்வறிக்கைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்கள் நகரக் கூடுதல் காலம் பிடித்தது. 2021 இறுதியில் காலியிடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிட்டன, ஆனால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள் என்று தணிக்கை அமைப்பு பதிவு செய்தது. கறுப்பின ஊழியர்களின் பங்கும் சரிந்திருந்தது. தலைநகரில் தலைமுறைகளாக வாழ்ந்து, அரசு வேலையால் மேலே வந்த குடும்பங்களுக்கு அந்த ஏணியின் ஒரு படி உடைந்தது.

இதைவிடக் கொடுமையான கணக்கு அதே ஆட்சியில் இடம் மாற்றப்பட்ட நில மேலாண்மைப் பணியகத்துடையது. அதன் பொறுப்பில் இருக்கும் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலத்தில் ஏறத்தாழ முழுவதும் மேற்கு மாநிலங்களில் இருக்கிறது. ஆகவே தலைமையகத்தையும் மேற்கே கொண்டுபோகலாம் என்ற வாதம் காதுக்கு நியாயமாகவே கேட்கும். கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷன் என்ற சிறு நகரம் தேர்வானது. வாஷிங்டனிலிருந்து மேற்கே போகும்படி சொல்லப்பட்ட பணியிடங்கள் 328. ராஜினாமா செய்தோ ஓய்வு பெற்றோ விலகியவர்கள் 287 பேர். மாறிப்போனவர்கள் 41. அவர்களிலும் புதிய தலைமையகம் அமைந்த கிராண்ட் ஜங்ஷனுக்கே போனவர்கள் மூன்று பேர். ஆம், மூன்றே பேர். அந்த அலுவலகம் இருந்த கட்டடத்திலேயே செவ்ரான் எண்ணெய் நிறுவனத்துக்கும் அலுவலகம் இருந்தது. எந்த நிலத்தில் எண்ணெய் எடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அமைப்புக்கு அப்படியொரு அண்டை வீட்டுக்காரர்! ஆட்சி மாறியபின், 2021 செப்டம்பரில், தலைமையகம் வாஷிங்டனுக்கே திரும்பும் என்று உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட் அறிவித்தார். விலகிப்போன 287 பேரின் அனுபவம் அதோடு திரும்பி வரவில்லை.

அப்படியானால் எல்லா அலுவலகமும் தலைநகரிலேயே இருக்க வேண்டுமா? இல்லவே இல்லை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் இப்போதே வாஷிங்டன் வட்டாரத்துக்கு வெளியேதான் வேலை செய்கிறார்கள். நோய்த் தடுப்பு மையம் 1946-இல் அட்லாண்டாவில் தொடங்கியதற்குக் காரணம் மலேரியா. கொசு தென் மாநிலங்களில் இருந்தது, அதனால் அலுவலகமும் அங்கே பிறந்தது. அங்கேயே ஆள் சேர்த்து, அங்கேயே வளர்ந்து, உலகப் புகழ் பெற்றது. யாரையும் வேரோடு பிடுங்கவில்லை.

பிடுங்கி நட்டவர்களின் அனுபவம் வேறு. பிரிட்டன் தன் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தை லண்டனிலிருந்து வேல்ஸில் உள்ள நியூபோர்ட்டுக்கு நகர்த்தியபோது லண்டன் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் கூடப் போகவில்லை. நாட்டின் பொருளாதாரப் புள்ளிவிவரங்களைப் பற்றி 2016-இல் அறிக்கை தந்த சார்லஸ் பீன், அந்த நிபுணத்துவ இழப்பு ஆண்டுகள் கடந்தும் உறுத்துவதைக் குறிப்பிட்டார். தென் கொரியா நிதானமாகவே போனது. 2004-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தலைநகர் மாற்றத்தைத் தடுத்தது, திட்டம் சுருக்கப்பட்டது, 2012-இல் சேஜோங் நகரம் பிறந்தது, அமைச்சகங்கள் பல அங்கே போயின. அங்கேயும் குடும்பத்தைத் தலைநகர் சியோலில் விட்டுவிட்டு வாரம் முழுக்கத் தனியே இருந்த அதிகாரிகளும், தினம் பேருந்தில் போய்த் திரும்பியவர்களும் ஏராளம்.

எனவே தூரத்தை விடவும் நோக்கமும் அவகாசமும்தான் இங்கே கேள்வி. ஆள் வர வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கும் அரசு மூன்று நான்கு ஆண்டுகள் தரும், புதிதாகச் சேருபவர்களைப் புது ஊரில் எடுக்கும், பழையவர்கள் ஓய்வு பெறும்வரை இருந்த இடத்தில் வைத்து அவர்களிடமிருந்து வேலையைக் கற்றுக்கொள்ளச் செய்யும். ஒரு மாதக் கெடு வைக்கும் அரசு ஆள் வரக் கூடாது என்றே நினைக்கிறது. கான்சாஸ் சிட்டி மக்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வேலைகள் தங்கள் ஊருக்கு வருவதை அவர்கள் ஏன் வேண்டாம் என்பார்கள்? 35 மாநிலங்களிலிருந்து 136 இடங்கள் அந்த அலுவலகங்களுக்காகப் போட்டியிட்டன. அந்த ஊர்களின் ஏக்கம் நிஜமானது. அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அனுபவம் நிறைந்த ஓர் அலுவலகம். கிடைத்ததில் பாதிக்கு மேல் காலி நாற்காலிகள்.

இத்தனையும் எழுத்தில் பதிவாகி மூன்றாண்டுகூட ஆகாத நிலையில், 2025 ஜூலையில், வேளாண் துறைச் செயலர் புரூக் ராலின்ஸ் அடுத்த அறிவிப்பை வெளியிட்டார். தலைநகர் வட்டாரத்தில் அப்போது இருந்த சுமார் 4,600 ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ராலே, கான்சாஸ் சிட்டி, இண்டியானாபொலிஸ், ஃபோர்ட் காலின்ஸ், சால்ட் லேக் சிட்டி ஆகிய ஐந்து நகரங்களுக்குப் போக வேண்டும். தலைநகரில் 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குள்ளாகவே அத்துறையில் 15,000-க்கும் அதிகமானோர் சலுகையுடன் கூடிய ராஜினாமாவை ஏற்றிருந்தார்கள். வாஷிங்டனில் அடிப்படைச் சம்பளத்தோடு கிட்டத்தட்ட 34 சதவீதம் ஊர்ப்படி கிடைக்கிறது, சால்ட் லேக் சிட்டியில் அது 17 சதவீதம். மாறிப்போகிறவரின் சம்பளமும் இறங்கும்.

அந்த அறிவிப்பின் பட்டியலில் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருந்தது. தலைநகருக்குப் பக்கத்தில், மேரிலாந்தில், 1910 முதல் இயங்குவது. சிறிய குடும்பத்துக்கும் சிறிய அடுப்புக்கும் ஏற்ற அளவில் ஒரு வான்கோழி இனத்தை 1930-களில் உருவாக்கியது அந்த நிலையம்தான். அதைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் காலி செய்யப் போவதாக அறிவிப்பு சொன்னது. பல ஆண்டுகள் ஒரே மண்ணில் தொடர்ந்து நடக்கும் பயிர்ச் சோதனையைப் பெட்டியில் கட்டி லாரியில் ஏற்ற முடியாது. அந்தத் துறையின் வரவுசெலவுக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க நாடாளுமன்றம் முதலில் கேட்டு வாங்க வேண்டியது ஒரே ஒரு தாள்: இந்த முறை எத்தனை பேர் வர மாட்டார்கள் என்று துறை எதிர்பார்க்கிறது, அவர்களுடைய வேலையை மறுநாள் காலையில் யார் செய்வார்கள்?