பஸ் மான்யம்: தயவா, பாத்தியதையா?

சென்னை மாநகர பஸ்கள் நஷ்டத்தில் நடக்கின்றன என்ற வாசகத்தைக் கேட்டுக் கேட்டு நமது காது பழகிவிட்டது. மந்திரிகள் மாறினாலும், கட்சிகள் மாறினாலும் இது மாறுவதில்லை. நஷ்டத்தைச் சொன்ன மூச்சிலேயே மான்யத்தையும் சொல்லுவார்கள். அதைச் சொல்லும்பொழுது, ஏதோ சொந்தப் பெட்டியைத் திறந்து ஏழைகளுக்கு அள்ளி வழங்கியது போன்ற பாவனை குரலில் தொனிக்கும். போலீஸ் இலாகா சென்ற வருஷம் எவ்வளவு நஷ்டம் அடைந்தது என்று யாரேனும் கேட்டதுண்டா? பள்ளிக்கூடங்கள் நஷ்டத்தில் நடக்கின்றன என்று எந்த மந்திரியாவது சட்டசபையில் வருந்தியதுண்டா? ஒரு நகரத்தின் ஜனங்கள் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவதற்கு ஆகும் செலவை மட்டும் நஷ்டம் என்று எழுத வேண்டிய காரணம் என்ன?

காரணம் கணக்குப் புஸ்தகத்தில் இருக்கிறது. இந்நகரில் 1895-ல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டிகள் ஒரு கம்பெனியின் சொத்து. கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை, 1953-ல் டிராம் நின்றது. அதற்குள் சர்க்கார் பஸ்கள் வந்திருந்தன. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம் அதன் வழித்தோன்றல். சர்க்காருக்கே சொந்தமாயினும் இதுவும் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு கம்பெனிதான். பெயரின் கடைசியில் ‘லிமிடெட்’ என்ற சொல் தொங்குகிறது. அண்டை ராஜ்யங்களில் பஸ் நடத்துவன 1950-ம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துக் கார்ப்பரேஷன் சட்டத்தில் பிறந்தவை. அச்சட்டத்தின் 22-வது பிரிவு வியாபார முறைப்படி நடக்க வேண்டுமென்று சொல்லுகிறதாயினும், போதுமான போக்குவரத்தை ஜனங்களுக்கு ஏற்படுத்துவது கார்ப்பரேஷனின் கடமை என்று 18-வது பிரிவு முன்னதாகவே விதித்துவிடுகிறது. நமது கம்பெனிக்கோ அவ்வித கடமை எந்தச் சட்டத்தாலும் விதிக்கப்படவில்லை. அதன் ஏட்டில் ஒரு பக்கம் டிக்கெட் வசூல். மறுபக்கம் டீசலும் சம்பளமும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திற்கு நஷ்டம் என்று பெயர்.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை கண்ணகி நகருக்கோ, செம்மஞ்சேரிக்கோ, பெரும்பாக்கத்துக்கோ போய்வர வேண்டும். நகரத்தின் நடுவில் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டுப் பிழைத்துவந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே கொண்டுபோய் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியது சர்க்கார். வீடு கிடைத்தது உண்மையே. ஆனால் பாத்திரம் தேய்த்த வீடு மயிலாப்பூரிலும், பூ விற்ற தெரு திருவல்லிக்கேணியிலும் அல்லவோ தங்கிவிட்டன! ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரத்தைச் சர்க்காரே அந்த ஜனங்களின் வயிற்றுக்கும் வேலைக்கும் இடையே போட்டது. அத்தூரத்தைக் கடக்கும் பஸ்ஸை அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? வீட்டுக்குக் கதவு எப்படியோ, அவ்விடங்களுக்குப் பஸ் அப்படி. கதவில்லாத வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு கதவுக்கு மான்யம் கொடுத்தோம் என்று பெருமை பேசுவது நியாயமாகாது.

2021 மே மாதம் 8-ம் தேதி முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாமென்று உத்தரவாயிற்று. அதற்கென ஆரம்பத்தில் 1,200 கோடி ரூபாய் மான்யம் அறிவிக்கப்பட்டது. அங்கஹீனர்களுக்கும் திருநங்கையருக்கும் இச்சலுகை சில வாரங்களில் விரிவாயிற்று. இது நல்ல காரியம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கர்நாடகமும் தெலிங்கானாவும் 2023-ல் இதே வழியில் சென்றன. ஆனால் அதன் அஸ்திவாரம் என்ன? ஒரு சர்க்கார் உத்தரவு. அதற்குப் பணம் வருஷா வருஷம் சட்டசபையின் வோட்டு. உத்தரவால் வந்ததை உத்தரவால் எடுத்துவிடலாம். எடுக்கவும் வேண்டியதில்லை, மான்யத்தைச் சிறிது குறைத்தால் போதும். பழைய வண்டி கழிந்தபின் புதிய வண்டி வராது. காலிப் பணியிடத்துக்கு டிரைவர் வரமாட்டார். சலுகை காகிதத்தில் இருக்கும். நிறுத்தத்தில் பஸ் இராது. ஏறுவதற்கு வண்டி இல்லாதபோது இலவசத்தால் என்ன லாபம்?

சட்டத்தில் வேரூன்றாத உபகாரத்தின் கதி என்னவாகும் என்பதை லண்டன் நகரம் ஒரு தரம் பார்த்திருக்கிறது. 1981-ல் அந்நகரின் பெருநகர சபையைக் கைப்பற்றிய தொழிற்கட்சியார், தேர்தலில் வாக்களித்தபடியே பஸ், சுரங்க ரயில் கட்டணங்களை நூற்றுக்கு 32 வீதம் குறைத்தனர். துண்டு விழுந்த தொகையை வீட்டு வரியில் சேர்த்தனர். பிரயாணிகள் பெருகினர், மோட்டார்களின் நெரிசலும் குறைந்தது. புறநகரான பிராம்லியின் சபை இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சுரங்க ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லாத தம் ஊரார் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. எல்லாம் 1969-ம் வருஷத்து லண்டன் போக்குவரத்துச் சட்டத்திலிருந்த ஒரே வார்த்தையில் வந்து நின்றது. போக்குவரத்து ‘எகனாமிக்’ ஆக இருக்க வேண்டுமென்று அச்சட்டம் கூறியது. அதன் பொருள் வியாபார ரீதியில் சிக்கனமாக நடத்துவது என்று நீதிபதிகள் கொண்டனர். டிசம்பர் மாதத்தில் கட்டணக் குறைப்பு சட்ட விரோதம் என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. அந்நீதிபதிகளில் எத்தனை பேர் பஸ்ஸில் வந்து தீர்ப்புச் சொன்னார்கள் என்பது பதிவாகவில்லை. 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. ஜனங்கள் கிளர்ச்சி செய்தனர். சபையாரும் சோர்ந்துவிடாமல், சட்டத்தின் வாசகத்துக்கு இணங்கப் புதிய திட்டமொன்றை வகுத்து, நியாயஸ்தலத்தின் சம்மதத்தைப் பெற்று, 1983-ல் மறுபடியும் கட்டணத்தைக் குறைத்தனர். தேர்தல் வெற்றியைவிடச் சட்டத்திலுள்ள ஒரு வார்த்தைக்குப் பலம் அதிகம் என்பது இந்த வழக்கின் சாரம்.

லண்டனில் சபையார் ஜனங்களுக்காக வாதாடினர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலோ பஸ்ஸில் போகும் ஏழைகளே வாதியானார்கள். அங்கு 1994-ல் போக்குவரத்து அதிகாரிகள் பஸ் கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 டாலராக உயர்த்தவும், 42 டாலர் மாதச் சீட்டை ஒழிக்கவும் தீர்மானித்தனர். அதே கோடையில் பசடேனாவுக்கு ரயில் பாதை போடப் பன்னிரண்டு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினர். பிரயாணிகளில் மிகப் பெரும்பான்மையோர் பஸ்ஸில் போகிறவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகளான கறுப்பர்கள், மெக்ஸிகோ வம்சத்தார், ஆசியர்கள். ‘பஸ் பிரயாணிகள் சங்கம்’ என்ற பெயரால் அவர்கள் திரண்டனர். தொண்டர்கள் ஓடும் பஸ்களிலேயே ஏறி, பிரயாணிகளிடம் அவரவர் பாஷையில் பேசி அங்கத்தினர்களைச் சேர்த்தனர். 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு வழக்குத் தொடர்ந்து தடையுத்தரவும் வாங்கினர். 1996-ல் இரு தரப்பாரும் ஒப்பிய தீர்ப்பு ஏற்பட்டது: மாதச் சீட்டு நிலைக்கும், நெரிசலைக் குறைக்கப் புதிய பஸ்கள் வாங்கப்படும், ஒரு பஸ்ஸில் எத்தனை பேர் நின்றுகொண்டு போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதிகாரிகள் மேலே மேலே அப்பீல் செய்தும் பயனில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் ஆயுள் பத்து வருஷம். 2006-ல் அது முடிந்தது. 2007-ல் கட்டணம் ஏறிற்று. இதற்கிடையே, 2001-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு மற்றொரு வழக்கில் அளித்த தீர்ப்பால், தனி மனிதர்கள் இவ்வழியில் வழக்காடும் வாசலும் பெரும்பாலும் மூடப்பட்டது. நிலைத்து நின்றது வேறொன்று. 2008-லும் 2016-லும் அந்நகரப் பிரதேசத்து வாக்காளர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வோட்டளித்துப் போக்குவரத்துக்கென விற்பனை வரி விதித்துக்கொண்டனர். முதல் வரியில் நூற்றுக்கு 20 பங்கு பஸ்களை நடத்துவதற்கே என்று சட்டத்திலேயே எழுதிவிட்டனர்; இரண்டாவதற்குக் காலவரையறையே கிடையாது.

நம் நகரில் கிளர்ச்சி இல்லாமலில்லை. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியபோது மாணவர்கள் தெருவில் இறங்கினர். சர்க்கார் சிறிது இறங்கிவந்தது. 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிலர் விடாமல் ஹைகோர்ட்டில் வாதாடியிராவிட்டால், 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் சென்னைச் சாலைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. மாணவர்களின் கூட்டம் பெரிது, பலன் சிறிது. இவர்களோ கைவிரலில் எண்ணத்தக்கவர்கள், பலன் கண்கூடு. பின்னவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது.

ஆகவே பஸ்ஸுக்காகப் பரிந்து பேசுவோர், அதிக மான்யம் கேட்பதை விட்டு மான்யத்தின் தன்மையை மாற்றும்படி கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அரசியல் சட்டத்திலேயே அதற்கு வழியிருக்கிறது. 202-வது ஷரத்தின்படி ராஜ்யத்தின் செலவுகள் இருவகை. ஒன்று, வருஷந்தோறும் சட்டசபையின் வோட்டுக்கு வருவது. மற்றொன்று, ராஜ்யத்தின் தொகுப்பு நிதிமீதே சுமத்தப்பட்டது. அதைச் சபை விவாதிக்கலாம், வெட்ட முடியாது. கவர்னரின் படி, ஹைகோர்ட் நீதிபதிகளின் சம்பளம், சர்க்கார் கடனுக்கு வட்டி ஆகியவை இரண்டாவது வகை. எந்தச் செலவையும் இவ்வகையில் சேர்க்க ராஜ்ய சட்டசபை சட்டம் இயற்றலாம் என்று அதே ஷரத்தின் கடைசி உட்பிரிவு கூறுகிறது. கடன்காரனுக்குச் சேரவேண்டிய வட்டிக்குள்ள அந்தஸ்தைப் பெரும்பாக்கத்துப் பஸ்ஸுக்கும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

சட்டசபையின் அதிகாரத்தைக் குறைப்பது தகுமா என்று கேட்கலாம். அந்தச் சட்டத்தை இயற்றுவதும் சட்டசபையே. மாற்ற விரும்பினால் அதே சபை பகிரங்கமாக மாற்றட்டும். இப்போதோ ஒரு காரியதரிசி பேனாவால் ஓசையின்றிக் குறைத்துவிடலாம். அடிமுட்டாத் தொட்டியில் பணத்தைக் கொட்டுவதா என்பது மற்றோர் ஆட்சேபம். இது பொருட்படுத்தத் தக்கது. தொகையை ‘நஷ்டத்துக்கு ஈடு’ என்று வைத்தால் நஷ்டம் பெருகப் பெருகக் கொடுக்க வேண்டியதாகும். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வைத்து, எந்த வழியில் எத்தனை நடை ஓடிற்று என்பதை மாதந்தோறும் பிரசுரம் செய்யச் சொன்னால் ஓடாத பஸ்ஸுக்குப் பணம் போகாது. இது நூதனமுமன்று. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டனவே, அவற்றை நடத்தும் தனியார் கம்பெனிக்கு டிக்கெட் வசூல் எதுவாயினும் கிலோமீட்டர் கணக்கில் கொடுப்பதாகத்தான் ஒப்பந்தம். வெளியாருக்கு ஒப்பந்தப்படி கடனாகக் கொடுப்பதைச் சொந்தக் கழகத்துக்கு மட்டும் தருமமாகக் கொடுப்பானேன்?

பணம் எங்கிருந்து வரும்? பிரான்ஸ் தேசத்தில் 1971 முதல் பாரிஸ் பிரதேச முதலாளிகள் தொழிலாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தின் அளவுக்கேற்பப் போக்குவரத்து வரி செலுத்துகிறார்கள். ஆள் வந்து சேர்ந்தால்தானே தொழில் நடக்கும்! பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களைப் பார்க்கையில் நமக்கும் அந்த ஆசை எழுவது சகஜமே. ஆனால் நமது 276-வது ஷரத்து தொழில் வரியைத் தலைக்கு வருஷம் 2,500 ரூபாய்க்கு மேல் போகவிடாது; ஆகையால் அவ்வழி குறுகியது. மோட்டார் வாகன வரி முற்றிலும் ராஜ்யத்தின் கையிலுள்ளது. ஐம்பது பேர் போகும் பஸ்ஸும் ஒருவர் போகும் காரும் ஒரே சாலையில் முட்டிக்கொண்டு நிற்கும் நகரத்தில், காரின் வரியில் ஒரு பங்கு பஸ்ஸுக்குப் போவதை அநீதி என்று சொல்லத் துணிகிறவர் யார்?

மெட்ரோ ரயிலை நாம் குறைகூறவில்லை. அதன் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளம், 63,246 கோடி ரூபாய் மதிப்பு. 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபையின் ஒப்புதலும் கிடைத்தது. அதற்குப் பணம் தேடுவதில் ஜப்பான் முதல் ஆசிய வங்கி வரை எல்லாக் கதவும் தட்டப்பட்டன. படித்த வகுப்பாரின் சங்கங்களும், நிலையம் தங்கள் பேட்டைக்கு வரவேண்டுமென்று மனுமேல் மனு எழுதின. பஸ்ஸுக்காக அந்தச் சங்கங்கள் எழுதிய மனுக்கள் எத்தனை? ரயில் நிலையத்தில் இறங்கியவர் வீடு சேர்வதும் பஸ்ஸாலேதான் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நிதியை வைத்துப் பரிபாலிக்க ஸ்தாபனம் தேட வேண்டியதுமில்லை. ஒருங்கிணைந்த பெருநகர போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-லேயே சட்டம் இயற்றப்பட்டது. அது வேலை தொடங்கத்தான் பத்து வருஷத்துக்கு மேல் சென்றது.

தொண்டர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறை விஷயம் ஒன்றுண்டு. ஒரு செலவைத் தொகுப்பு நிதிமீது சுமத்தும் மசோதா, 199-வது ஷரத்தின்படி பண மசோதாவாகும். 207-வது ஷரத்தின்படி கவர்னரின் சிபார்சின்றி அதைச் சபையில் கொண்டுவர முடியாது. அச்சிபார்சும் மந்திரிசபையின் யோசனைப்படியே வரும். ஆகையால் எதிர்க்கட்சி அங்கத்தினரையோ, தத்தம் தொகுதிப் பிரதிநிதியையோ சந்தித்து மசோதா கொண்டுவரும்படி கேட்பது வீண் வேலை. அவர்கள் சபையில் கேள்வி கேட்கலாம், அவ்வளவே. கண்ணகி நகரில் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களிடம் கையொப்பம் வாங்கும் மனு, பட்ஜெட் தயாராகும் முன்பே நிதி மந்திரியின் விலாசத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.