கேபிளை மாற்றுமுன் கணக்குப் போடுங்கள்

2010ஆம் ஆண்டு ஜூலை 5, திங்கட்கிழமை. உங்களில் சிலர் அப்போது தொட்டிலில் இருந்திருப்பீர்கள், பலர் பிறந்தே இருக்க மாட்டீர்கள். அன்று விடியற்காலை சுமார் 3 மணிக்கு டிபிஎஸ், பிஓஎஸ்பி வங்கிச் சேவைகள் தீவு முழுவதும் நின்றுபோயின. வேலைக்குக் கிளம்பியவர்கள் ஏடிஎம் இயந்திரத்தில் அட்டையைச் செருகிப் பார்த்தார்கள். பணம் வரவில்லை. 10 மணிவாக்கில்தான் நிலைமை சீரானது. இத்தனைக்கும் காரணம், ஒரு கேபிளை மாற்றிய விதம்.

வங்கி பின்னர் வெளியிட்ட விளக்கத்தைப் படித்தால் துப்பறியும் கதைபோல இருக்கும். ஒரு பக்கம் வங்கியின் பெரிய கணினி. இன்னொரு பக்கம் கணக்கு விவரங்கள் எழுதப்பட்ட வட்டுகள் அடங்கிய சேமிப்பகம். ஜூலை 3, சனிக்கிழமை, சேமிப்பகத்தில் ஓர் இணைப்பு நிலையாக இல்லை என்று எச்சரிக்கை வந்தது. அதைப் பராமரித்த ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் வந்து ஒரு கேபிளை மாற்றினார். எச்சரிக்கை நின்றது. மறுநாள் பிற்பகல் அது திரும்பி வந்தது. இம்முறை கேபிளோடு, அதைச் சேர்ந்த மின்னணு அட்டைகளையும் குறிப்பிட்டது. கேபிளைக் கழற்றி, ஊசி ஏதும் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். வளையவில்லை. திங்கள் விடியற்காலை மறுபடியும் கேபிளையே மாற்றினார்கள், சனிக்கிழமை பின்பற்றிய அதே பழைய, தவறான செய்முறைப்படி. தரவு கெட்டுவிடும் என்று உணர்ந்த சேமிப்பகம், கணினியோடு பேசுவதைத் தானாகவே நிறுத்திக்கொண்டது. சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்ததோடு, ஏறத்தாழ 230 மில்லியன் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கவும் உத்தரவிட்டது.

நடந்து முடிந்தபின் வெளியே உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது எளிது. நள்ளிரவில் அந்த அறையில் நின்றவரின் நிலை வேறு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் முறை எச்சரிக்கை நின்றதும் கோளாறு தீர்ந்துவிட்டதாகத் தோன்றியது. அது ஏன் நின்றது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருள் சரியாக இயங்காதபோது எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது தனித் திறன். அதைப் பள்ளியில் நாம் சொல்லித் தருவதில்லை, சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து. பழகுவதற்குப் பெரிய வங்கி தேவையில்லை. ‘ரொம்ப ஸ்லோவா இருக்கு’ என்று யாராவது திட்டும் ஒரு சேமிப்பகப் பெட்டி போதும்.

வீட்டிலோ அலுவலகத்திலோ ஸ்விட்சோடு கேபிளால் இணைத்திருக்கும் சிறிய பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இரண்டு, நான்கு ஹார்ட் டிஸ்குகள் இருக்கும். அதில் ஒரு வகைப் பயன்பாட்டுக்கு பிளாக் சேமிப்பு என்று பெயர். நம் ஊரில் இதை விளக்குவது மிக எளிது. தபால்காரருக்குத் தேவை புளோக் எண்தான். தேக்கா நிலையம் அவருக்கு பஃபலோ சாலை 665. உள்ளே பிரியாணி விற்கிறார்களா, புடவை விற்கிறார்களா என்பது அவர் வேலையில்லை. பிளாக் சேமிப்பும் அப்படியே. ‘அக்கா கல்யாணம்’ என்ற கோப்பு இருப்பதே பெட்டிக்குத் தெரியாது. ‘இத்தனையாம் எண் பிளாக்கைக் கொடு’ என்று கணினி கேட்கும், பெட்டி கொடுக்கும். ஒரு பிளாக் பெரும்பாலும் 512 பைட் அல்லது 4,096 பைட். கணினிக்குள் இருக்கும் வட்டிடம் பேசும் அதே மொழியை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறைக்கு ஐஸ்கஸி என்று பெயர். அது 2004ல் ஒரு பொதுத் தரமாக வெளியானது.

ஆகவே, ஒரு பிளாக்கைப் படிக்க வேண்டுமானால் கேள்வி கணினியிலிருந்து கிளம்பி, கேபிள், ஸ்விட்ச், இன்னொரு கேபிள், பெட்டி, வட்டு என்று போய், பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். இதில் எந்த இடத்தில் தடை இருந்தாலும் பயனாளருக்குத் தெரிவது ஒன்றுதான்: படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறார். “டீச்சர், டிஸ்க் பழசாயிடுச்சு, அதான் இழுக்குது,” என்று சொல்லி, சிம் லிம் சதுக்கத்துக்கு நடந்துபோய்ப் புதிய எஸ்எஸ்டி வட்டுகளை வாங்கி வந்து பெட்டியில் மாட்டினார். வேகம் மாறவில்லை. எவ்வளவு வேகம் என்று கேட்டேன். ஸ்லோ என்றார். எண் வேண்டும் என்றேன். ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்தார். நொடிக்கு 11 மெகாபைட். பழைய வட்டில் எடுத்த படக்காட்சி ஒன்று அவர் கைப்பேசியில் இருந்தது. அதிலும் 11.

வட்டை மாற்றியும் எண் அசையவில்லை என்றால், தடை வட்டில் இல்லை. அடுத்து, அந்த 11 எங்கிருந்து வருகிறது? கணக்குப் போடுவோம். இன்று கடைகளிலும் வீடுகளிலும் உள்ள சாதாரண நெட்வொர்க் நொடிக்கு 1,000 மெகாபிட் வேகமுடையது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 1,000ஐ 8ஆல் வகுத்தால் 125 மெகாபைட். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முகவரி எழுத வேண்டியிருப்பதால் கொஞ்சம் போக, 110க்குச் சற்று மேல் கிடைக்கும். அதற்கு முந்தைய தலைமுறை நெட்வொர்க்கின் வேகம் 100 மெகாபிட். அதை 8ஆல் வகுத்தால் 12.5. முகவரிச் செலவு போனால்? ஏறத்தாழ 11!

நெட்வொர்க் கேபிளுக்குள் முறுக்கிய கம்பிகள் நான்கு ஜோடி உண்டு. 1,000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு ஜோடி அறுந்தால் கருவிகள் பல நேரங்களில் இணைப்பைத் துண்டிப்பதில்லை, சத்தமில்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிவிடும். விளக்கும் எரியும், கோப்பும் திறக்கும். அண்ணன் கடையில் கேபிள் ஓர் இரும்பு அலமாரியின் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. 60 கிகாபைட் திருமணப் பதிவைப் படிக்க 11 மெகாபைட் வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். புதிய கேபிளில் சுமார் ஒன்பது நிமிடம்.

கேபிள்தான் எப்போதும் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். எண் வேறாக இருந்திருந்தால் கதையும் வேறு. 110 வந்திருந்தால் நெட்வொர்க் நிரம்பி ஓடுகிறது என்று பொருள். அதற்குமேல் வேண்டுமென்றால் நெட்வொர்க்கையே மாற்ற வேண்டும். 4 மெகாபைட் வந்திருந்தால்? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இருக்கிறது.

அம்மா உங்களைத் தேக்காவுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை வாங்கி வீட்டுக்கு வருகிறீர்கள். ‘தேங்காய் வாங்கி வா’ என்கிறார். மறுபடி போகிறீர்கள். திரும்பியதும் ‘இஞ்சி’. நீங்கள் எவ்வளவு வேகமாக நடந்தாலும், சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் சமையல் தாமதமாகும். ஒரே பட்டியலாகக் கொடுத்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். படிக்கும் கணினி 4 கிலோபைட் பிளாக் ஒன்றைக் கேட்டு, அது வந்தபிறகே அடுத்ததைக் கேட்டால் இதே கதைதான். ஒரு முறை போய்வர 1 மில்லிநொடி ஆகிறது என்றால் நொடிக்கு 1,000 முறை. 1,000ஐ 4 கிலோபைட்டால் பெருக்குங்கள். வெறும் 4 மெகாபைட்! கேபிளில் 125 மெகாபைட்டுக்கு இடமிருந்தும் பெரும்பகுதி காலி. ஒரே நேரத்தில் 32 கேள்விகளை அனுப்பினால், அல்லது அடுத்து வேண்டியதை முன்கூட்டியே எடுத்துவைக்கும்படி அமைத்தால், அதே கேபிள் நிரம்பிவிடும். சாலையின் அகலம் வேறு, போய்வரும் நேரம் வேறு. விளம்பரங்களில் அகலத்தை மட்டும்தான் எழுதுவார்கள்.

வட்டும் சில நேரம் தடையாக இருப்பதுண்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் 12 மில்லிநொடி எனலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய பிளாக்குகளைப் படித்தால் நொடிக்கு 80 தாண்டுவது கடினம். வரிசையாக அடுக்கிய பெரிய கோப்பை அதே வட்டு நொடிக்கு 150 மெகாபைட்டுக்குமேல் படித்துவிடும். ஆகவே எதைப் படித்து அளந்தோம் என்று சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் பயனில்லை.

அளக்கும்போது ஏமாறவும் வாய்ப்புண்டு. ஒரு கோப்பை முதல் முறை படித்தால் மெதுவாகவும் இரண்டாம் முறை படித்தால் மின்னல் வேகத்திலும் வரும். இரண்டாம் முறை அது வட்டிலிருந்து வரவே இல்லை, கணினியின் நினைவகத்திலிருந்து வந்தது. ‘இப்போ சரியாயிடுச்சு’ என்று பலர் திருப்தியடைவது இந்த இடத்தில்தான். நினைவகத்தைவிடப் பெரிய கோப்பை எடுத்துச் சோதித்தால் இந்த ஏமாற்றம் இல்லை. எழுதுவது வேகமாகவும் படிப்பது மெதுவாகவும் இருப்பதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம். எழுதும்போது பெட்டி தரவை நினைவகத்தில் வாங்கிக்கொண்டு ‘கிடைத்தது’ என்று சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக வட்டில் எழுதலாம். படிக்கும்போது அந்தச் சலுகை இல்லை.

நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். 2016 ஆகஸ்டிலும் நவம்பர் தொடக்கத்திலும் நம் வட்டப் பாதையில் எம்ஆர்டி ரயில்கள் சமிக்ஞையை இழந்து திடீர் திடீரென நின்றன. எந்த ரயில், எந்த இடம் என்று பார்த்தால் ஒழுங்கே இல்லை. அரசாங்கத் தரவு ஆய்வாளர்கள் ஒவ்வொரு சம்பவத்தின் நேரம், இடம், திசை மூன்றையும் ஒரே வரைபடத்தில் குறித்தார்கள். சம்பவங்கள் ஒரு கோட்டில் நகர்வது தெரிந்தது. எதிர்த்திசையில் சென்ற பிவி46 என்ற ஒரே ரயில், தான் கடந்துசென்ற ரயில்களின் சமிக்ஞையைக் குலைத்திருந்தது. நின்றுபோன ரயில்களை எத்தனை முறை பிரித்துப் பார்த்திருந்தாலும் விடை கிடைத்திருக்காது. பலர் பகிரும் சேமிப்பகத்திலும் இப்படி நடக்கும். தினமும் மாலை 6 மணிக்கு உங்கள் கணினி திணறினால், அதே நேரத்தில் வேறொரு கணினி தன் கோப்புகளையெல்லாம் அந்தப் பெட்டிக்குப் பிரதியெடுத்துக்கொண்டிருக்கலாம்.

‘ஐந்து வெள்ளி கேபிள்தானே, மாற்றிப் பார்த்துவிட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாற்றிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், சில நிபந்தனைகளோடு. மாற்றுமுன் ஒரு முறை அளக்க வேண்டும், மாற்றினால் எண் என்ன ஆகும் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எண் கூடினால் பழைய கேபிளைத் திரும்பச் செருகிப் பாருங்கள். கோளாறு திரும்ப வந்தால்தான் குற்றவாளி பிடிபட்டான் என்று பொருள். கேபிளைப் பிடுங்கிச் செருகியதாலேயே தற்செயலாகச் சரியானதும் உண்டு. கோப்புகள் திறந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். வங்கிக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும்.

நியாயமான சோதனை, கட்டுப்படுத்தும் மாறி என்றெல்லாம் உயர்நிலை ஒன்றிலேயே படிக்கிறீர்கள். தேர்வில் எழுதியும் விடுகிறீர்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பல்பு எரியாவிட்டால் அடுத்த நிமிடம் வேறு பல்பு கைக்கு வந்துவிடும், பாடவேளை முடிய வேண்டுமே! நான் கேட்பது பெரிதல்ல. தவணைக்கு ஒரு பாடவேளை, வேண்டுமென்றே கெடுத்துவைத்த மின்சுற்று ஒன்றைக் குழுவுக்குக் கொடுக்கலாம். மாற்றுப் பாகம் கிடையாது. ஒரு வோல்ட்மீட்டரும் ஒரு தாளும் மட்டும். விடை தவறானாலும், எந்த வரிசையில் எதை அளந்தார்கள் என்பதற்கு மதிப்பெண் தரலாம். நம் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். நியாயமான சோதனை பற்றி எழுதச் சொல்லும் கேள்விகளுக்கு இடமிருக்கும்போது இதற்கு ஏன் இருக்கக்கூடாது?

பள்ளி செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் போதும். ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருள், வட்டைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். அதை இரண்டிலும் போட்டு ஓர் எண் எடுங்கள். பிறகு ஒரு கணினியின் வட்டிலுள்ள பெரிய கோப்பை அதே கணினியில் படித்து இன்னோர் எண், நெட்வொர்க் வழியாகப் படித்து மூன்றாவது எண். மூன்றாவது எண் முதல் இரண்டில் சிறியதற்குப் பக்கத்தில் நிற்கிறதா, அதைவிட மிகவும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மிகவும் கீழே இருந்தால் தேக்காவுக்குப் போய்வரும் கதையை நினைத்துக்கொண்டு அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் நேரத்தையும் குறியுங்கள். இரவு பத்து மணிக்கு மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள்.