பாலசரஸ்வதி ஒல்லியாக இருந்தாரா?

ஆண்டுவிழா நாட்டியத்துக்கு ஆள் எடுக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அடவு சுத்தமாக இருக்கிறதா, தாளம் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே ஒரு பார்வை மேலிருந்து கீழே போய்விட்டு வரும். "நல்லாத்தான் ஆடுற... ஆனா கொஞ்சம் இளைச்சுட்டு வாம்மா." நிறம் கறுப்பென்றால் பின்வரிசை. 35 வயதைத் தாண்டினால் "இனிமே சொல்லிக் கொடுக்கலாமே" என்று அக்கறையாக ஒரு யோசனை. கேட்டால், "இது மரபு" என்பார்கள்.

எந்த மரபு? யாருடைய மரபு?

மரபு என்று பேச ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அது தஞ்சாவூர் பாலசரஸ்வதிக்கு. 1918-ல் பிறந்தவர். பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் பாட, மகள் ஆடினார். கந்தப்பா பிள்ளையிடம் கற்று, 1925-ல், 7 வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். அப்படிப்பட்டவர் உடம்பைப் பற்றியும் கற்பனையைப் பற்றியும் என்ன நினைத்தார்?

முதலில் உடம்பு. தாளத்திலும் இசையிலும் தன்னையே கரைத்துக்கொள்கிற ஆட்டக்காரிக்கு, ஆடுகிற நேரத்திலாவது, உடம்பு ஒரு கருவி. இதுதான் பாலாவின் எண்ணம். கவனியுங்கள், கருவி! வீணை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டா தனம்மாளின் வாசிப்பைக் கேட்டார்கள்? "நான் எப்படித் தெரிகிறேன்" என்ற கவலை எங்கே தொலைகிறதோ அங்கேதான் ஆட்டம் ஆரம்பம். நாமோ அந்தக் கவலையையே பெண்பிள்ளைகளுக்கு முதல் பாடமாக நடத்திக் கொண்டிருக்கிறோம்.

அடுத்தது கற்பனை. பதத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பாவம் பிறக்க வேண்டும். அதற்குச் சங்கீதம் தெரிய வேண்டும். பாலா தானே பாடிக்கொண்டு அபிநயம் பிடிக்கக் கூடியவர். இசைவாணர்களுக்கே உரியது என்று கருதப்பட்ட சங்கீத கலாநிதி விருதை சென்னை மியூசிக் அகாடமி 1973-ல் அவருக்குக் கொடுத்தது சும்மா அல்ல. இன்று எத்தனை வகுப்புகளில் பாட்டு சொல்லித் தருகிறார்கள்? மேக்கப்புக்கு ஆகும் செலவில் பாதியாவது அதற்கு ஆகிறதா?

மூன்றாவது வாழ்க்கை. 1975-ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் அவர் அழுத்திச் சொன்னது இது: சிருங்காரத்தை எடுத்துவிட்டுப் பரதத்தைப் "புனிதப்படுத்த" வேண்டியதில்லை, அதில் அழுக்கே இல்லை. செயல்களை விட்டு ஓடி மனதை அடக்க நம்மில் பலரால் முடியாது. ஆட்டத்திலோ ஆயிரம் செயல் உண்டு, அவை ஒன்றுசேர்வதிலேயே மனம் ஒருமைப்படுகிறது என்றும் சொன்னார். காதலும் ஏக்கமும் ஊடலும் அன்றாடம் மனிதர்கள் படுகிற பாடு. அதை வெட்டி எறிந்துவிட்டு எந்தக் கடவுளைக் காட்டப் போகிறார்கள்?

இதைச் சொன்னவரின் சமூகத்தைத்தான் "அசிங்கம்" என்று ஒதுக்கினார்கள். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டமே வந்தது. அந்த முறையில் பெண்கள் சுரண்டப்பட்டது உண்மை. சட்டத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் மேடையை விட்டுப் போனதும் அதே கலையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டார்களே, அதற்கு என்ன நியாயம்? அன்று "ஒழுக்கம்" என்ற பேரில் சிலரை வெளியே நிறுத்தினார்கள். இன்று "தோற்றம்" என்ற பேரில் வேறு சிலரை நிறுத்துகிறார்கள். வாசலில் நிற்கிற காவல்காரன் மாறவில்லை, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டான்.

"நாட்டியம் கண்ணால் பார்க்கிற கலை, அழகு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும்தான். அரைமண்டி அமர உடம்பில் பயிற்சியும் பலமும் வேண்டும், அதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி வேறு, இடுப்பளவு வேறு. சத்யஜித் ரே 1976-ல் எடுத்த 'பாலா' படத்தைத் தேடிப் பாருங்கள். 60-ஐ நெருங்கும் பெண்மணி. கனத்த உடம்பு. கடற்கரைக் காற்றில் புடவை பறக்க "கிருஷ்ணா நீ பேகனே" ஆடுகிறார். கொஞ்ச நேரத்தில் வயதும் தெரியாது, பருமனும் தெரியாது. குழந்தையைக் கூப்பிடுகிற ஒரு தாய்தான் தெரிவாள். அழகு என்றால் அதுதானே?

1984-ல் பாலா மறைந்தார். இன்று இளம்பெண்ணாக எங்காவது ஒரு தேர்வுக்கு வந்து நின்றால் அவருக்கும் பின்வரிசைதான் கிடைத்திருக்குமோ என்னவோ!

அடுத்த முறை யாராவது "இளைச்சுட்டு வா" என்று சொன்னால் அந்தப் பெண் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். ஒரு பதத்தைப் பாடி, உட்கார்ந்தபடியே அபிநயம் பிடிக்கட்டும். சொன்னவருக்குக் கண் இருந்தால் தெரியும். தெரியவில்லை என்றால், குறை அவள் உடம்பில் இல்லை.