ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களை அராவ முன் யோசியுங்கள்!



பெருநாள் நெருங்கும்போது நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். "ஒரே நாளில் நிரந்தரப் பல்! கழற்றத் தேவையில்லை!" என்று. இந்த முறை எங்கள் ஆசிரியர் குழுவிலும் ஒன்று வந்தது. கீழே இரண்டு கட்சி. ஒரு கட்சி, "நம்பர் அனுப்புங்க சேர்" என்றது. மற்றக் கட்சி, "வயசு போன காலத்துல இது என்ன பவிசு? அல்லாஹ் படைச்சத மாத்துறது ஹராம்" என்றது.

இரண்டு கட்சியும் பிழை என்பதே எங்கள் நிலைப்பாடு. நாங்கள் பல் வைத்தியர்களும் இல்லை, ஆலிம்களும் இல்லை. சூத்தைப் பல்லோடு வரும் பிள்ளைகளையும், வாயைப் பொத்திக்கொண்டு பேசும் அவர்களின் உம்மாமாரையும் நாளாந்தம் பார்க்கும் ஆசிரியர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறோம்.

முதலில் "பவிசு" என்பவர்களுக்கு.

கடைவாய்ப் பல் ஒன்று போனால் அந்த இடம் அப்படியே இருக்காது. பக்கத்துப் பல் மெல்ல மெல்ல வெற்றிடத்தை நோக்கிச் சரியும். எதிர்த் தாடையில் அதற்கு நேரே இருக்கும் பல், கடிக்க ஆளில்லாமல் நீண்டு வரும். சரிந்த பல்லின் இடுக்கில் சாப்பாடு சிக்கும், அங்கே புதிதாகச் சூத்தை விழும், முரசு வீங்கும். பல் தாங்கியிருந்த எலும்பும் தேயும். மனிதர் ஒரு பக்கத்தாலேயே சப்பப் பழகுவார். பிறகு இறைச்சி வேண்டாம், கடலை வேண்டாம், மரக்கறியைக் குழைய அவித்துத் தா என்பார். இதில் பவிசு எங்கே இருக்கிறது?

முன்பல் போனால் பேச்சே மாறும். மத்ரஸாவில் மக்ராஜ் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸா, தால், ழா மூன்றுக்கும் நாக்கின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொட வேண்டும். ஃபாவுக்குக் கீழ் உதடு அதே பற்களைத் தொட வேண்டும். ஓதிக் கொடுக்கும் முஅல்லிமுக்கும், பாங்கு சொல்லும் முஅத்தினுக்கும், நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் பேசும் எங்களுக்கும் முன்பல் என்பது தொழில் உபகரணம்.

அடுத்தது ஹராம் என்ற வாதம். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி ஏற்படுத்தும் பெண்களைச் சபித்து வந்த ஹதீஸைத்தான் இதற்கு எடுத்து வருகிறார்கள். அந்த ஹதீஸிலேயே "அழகுக்காக" என்ற காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வது அமானிதமா? இன்னொரு ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்கள் ஜாஹிலிய்யாக் காலத்து குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் செய்த மூக்கு துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். ஆணுக்குத் தங்கம் தடுக்கப்பட்ட மார்க்கத்தில், இழந்த உறுப்புக்காகத் தங்கம் அனுமதிக்கப்பட்டது! அறிஞர்கள் பலர் தங்கத்தால் பற்களைக் கட்டியிருந்ததை திர்மிதீ அந்த இடத்திலேயே குறிப்பிடுகிறார்.

"கழற்ற முடியாத பல் இருந்தால் கடமையான குளிப்பு கூடுமா?" என்ற கேள்வியும் வரும். நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் குளிப்பில் வாய் கொப்பளிப்பது சுன்னத்து. அதைக் கட்டாயமாக்கும் ஹனபி மத்ஹபிலும், நிலையாகப் பொருத்திய பல்லைப் பிடுங்கிவிட்டுக் குளி என்று ஆலிம்கள் சொல்வதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். வட்ஸ்அப்பில் ஃபத்வா கொடுக்காதீர்கள்.

இனி "நம்பர் அனுப்புங்க" கட்சிக்கு.

பிரிட்ஜ் என்றால் என்னவென்று தெரிந்துதான் கேட்கிறீர்களா? பெயரிலேயே இருக்கிறது, பாலம். பாலத்துக்கு இரண்டு கரையிலும் தூண் வேண்டும். அந்தத் தூண்கள் உங்கள் சொந்தப் பற்கள். வெற்றிடத்துக்கு இரு பக்கமும் இருக்கும் பற்களைச் சுற்றிவர அராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் கெப் போட்டு, நடுவில் பொய்ப் பல்லைத் தொங்க விடுவதுதான் வழமையான பிரிட்ஜ். ஒரு பல் இல்லாததற்கு மூன்று பல்லுக்குக் காசு கேட்பதும் இதனால்தான். தனியார் கிளினிக்கில் அந்தத் தொகை ஓர் ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தை இலகுவாக விழுங்கும்.

காசு போனால் உழைக்கலாம். அராவிய பல்லின் மிளிரி திரும்ப முளைக்காது. பக்கத்துப் பற்கள் ஏற்கனவே பெரிதாக அடைத்தவை, உடைந்தவை என்றால் கெப் அவற்றுக்கும் பாதுகாப்பு. அங்கே பிரிட்ஜ் நல்ல தெரிவு. ஆனால் ஒரு கீறல்கூட இல்லாத இரண்டு பற்களை அராவுவது பெரிய தீர்மானம். அராவிய சில பற்களில் உள்ளே இருக்கும் நரம்பு பிறகு செத்துப் போவதும் உண்டு.

ஒரே நாளில் என்பது அடுத்த ஏமாற்று. பல் பிடுங்கிய காயம் ஆறி, எலும்பும் முரசும் ஒரு நிலைக்கு வரச் சில மாதங்கள் எடுக்கும். அதற்குள் நிரந்தரப் பிரிட்ஜ் போட்டால் முரசு சுருங்கி, பொய்ப் பல்லுக்குக் கீழே இடைவெளி விழும். முறையான வைத்தியர் எக்ஸ்ரே எடுப்பார், தூணாகும் பற்களின் வேரையும் எலும்பையும் பார்ப்பார், அளவெடுத்து லேப்புக்கு அனுப்புவார், அதுவரை தற்காலிகப் பல் வைப்பார், பிறகு பொருத்திக் கடி சரியா என்று பார்த்துத்தான் ஒட்டுவார். ஒரே நாளில் இதையெல்லாம் செய்யும் இயந்திரங்கள் உலகில் இருக்கின்றன. ஆனால் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டிருப்பவரிடம் அவை இருக்காது. அவர் செய்வது, கம்பியையும் அக்ரிலிக்கையும் வைத்து ஒரு பல்லைப் பக்கத்துப் பற்களோடு ஒட்டிவிடுவது. அதற்கடியில் பிரஷ் போகாது, அழுக்குத் தேங்கும், முரசு அழுகும், கடைசியில் தாங்கிய பற்களும் ஆடும். ஒரு பல் இல்லாமல் போனவர் மூன்று பல் இல்லாமல் வருவார்.

ஆகவே கதிரையில் வாயைத் திறக்க முன் இவற்றைக் கேளுங்கள்:

1. நீங்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த பல் வைத்தியரா? (கேட்க வெட்கப்படாதீர்கள். பதிவுள்ளவர் கோபிக்க மாட்டார்.)

2. பக்கத்துப் பற்களை அராவாமல் வேறு வழி இல்லையா? ஒரு முன்பல் மட்டும் இல்லாதவர்களுக்கு, பின்பக்கம் சிறகு போல ஒட்டும் மேரிலண்ட் பிரிட்ஜ் பல நேரம் போதும். அதற்கு அராவுவது மிகக் குறைவு.

3. இம்ப்ளான்ட் எனக்குப் பொருந்துமா? அது எலும்பில் டைட்டேனியம் திருகு வைப்பது. பக்கத்துப் பல்லைத் தொடாது, ஆனால் செலவு கூட. கட்டுப்பாடில்லாத சீனி வருத்தமும் சிகரட்டும் அதற்கு எதிரி.

4. கழற்றி மாட்டும் பல் கட்டினால் என்ன? செலவு குறைவு. முன்னோர்கள் காலம் முழுக்கப் பாவித்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

5. பிரிட்ஜுக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது? சாதாரண பிரஷ் அங்கே போகாது. அதற்கென்று நூலும் சிறு பிரஷும் இருக்கின்றன. அதைக் காட்டித் தராமல் அனுப்பினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். நல்ல பிரிட்ஜ் பத்து வருடம், அதற்கு மேலும் வரும். சுத்தம் செய்யாவிட்டால் கெப்புக்கு உள்ளேயே சூத்தை விழுந்து தூண் முறியும்.

இனி எங்களை உண்மையில் கோபப்படுத்தும் விடயத்துக்கு வருகிறோம்.

இந்த நாட்டில் பல் பிடுங்குவது இலவசம். அரச வைத்தியசாலைக்குக் காலையில் போனால் பகலுக்குள் பல் கையில். அதை மீண்டும் வைப்பதற்கு? அரச செலவில் பிரிட்ஜ் வேண்டுமென்றால் கொழும்பு, பேராதனை, அல்லது அதற்கான நிபுணர் இருக்கும் பெரிய வைத்தியசாலை என்று பஸ் ஏற வேண்டும், பல தடவை போக வேண்டும். நாட்கூலிக்குப் போகும் வாப்பாவுக்கு அது நடக்கிற காரியமா? அவருக்கு இருக்கும் ஒரே சிகிச்சை "பிடுங்கி விடுங்க டொக்டர்". வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் இப்படித்தான் வாளிக்குள் விழுகின்றன.

இது தொடங்குவது எங்கள் வகுப்பறையில். ஆறு வயதளவில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலேயே நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. ஒன்றும் விழாததால் பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "விழுற பல்தானே டீச்சர்" என்கிறார்கள். விழாது! வாழ்நாள் முழுக்க வேண்டிய பல் அது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதைப் பிடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு உடனே பிரிட்ஜும் போட முடியாது. தாடை வளர்ந்து முடியவில்லை, பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறையும் பெரிது, அராவினால் ஆபத்து. ஆகவே பதினெட்டு வயது தாண்டும்வரை அந்தப் பள்ளத்தோடுதான் வாழ வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, கத்னா முகாம் வைக்கிறீர்கள், கண்ணாடி கொடுக்கிறீர்கள், அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. பைத்துல்மாலில் இருந்து வருடத்துக்குச் சில ஏழைகளின் பல்லுக்கும் ஒதுக்குங்கள். ஒரு ஜும்ஆவில் மிஸ்வாக் பற்றிப் பேசும்போது ஆறு வயதுப் பல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதிபர்களே, பாடசாலைப் பல் சிகிச்சையாளர் வரும் நாளை வீணாக்காதீர்கள். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். சிற்றுண்டிச்சாலையில் டொபிப் போத்தலை நிறுத்துங்கள்.

சுகாதார அதிகாரிகளே, ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் வேர்ச் சிகிச்சைக்கு நாள் ஒதுக்குங்கள். பிடுங்குவது மட்டும் இலவசமாக இருக்கும்வரை ஏழை பிடுங்கிக்கொண்டேதான் இருப்பான்.

பெற்றோர்களே, இன்றிரவு இஷாவுக்குப் பிறகு டோர்ச் ஒன்றை எடுத்து உங்கள் பிள்ளையின் வாயின் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்த நான்கு பற்களில் கறுப்பு ஏதும் தெரிந்தால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அடைப்பதற்கு இப்போது காசு கேட்க மாட்டார்கள்.